கேள்விக்கும் நூலுக்கும் இடையே: வத்திராயிருப்பிலிருந்து ஆங்கில இலக்கியம் படிப்போரும் நூலக வளமும்

1. கேள்வியும் எல்லையும்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், பிளவக்கல் அணைகளின் தண்ணீரில் நெல்லும் தென்னையுமாகப் பிழைக்கும் ஊர் வத்திராயிருப்பு. வெளியூர்க்காரர்களுக்கு அது சதுரகிரி மலையேறப் போகும் வழி. இவ்வூரிலிருந்தும் அருகிலுள்ள கூமாப்பட்டி, சுந்தரபாண்டியம், மகாராஜபுரம் ஆகிய ஊர்களிலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சிவகாசி, விருதுநகர்க் கல்லூரிகளுக்கு நாள்தோறும் பேருந்தேறிப் போகும் மாணவர்களில் ஆங்கில இலக்கியம் படிப்பவர்களும் இருக்கிறார்கள். இவர்களில் பலர் தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்தவர்கள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் தொடங்கியது. 2024இல் மாணவர்களுக்கும் தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில் அது வந்தது. கல்லூரிக்குள் நுழைவதற்கான தடைகள் சற்றே தளர்ந்துள்ள காலம் இது.

நுழைந்தபின் என்ன நடக்கிறது என்பதே இக்கட்டுரையின் அக்கறை. ஆங்கில இலக்கியத்தைப் பாடமாக எடுத்த ஒருவர், வகுப்பில் எழுதிக்கொண்ட குறிப்புகளைத் தாண்டி ஒரு விமர்சன நூலையோ ஆய்வுக் கட்டுரையையோ தேடும்போது அது அவர் கைக்கு வந்து சேராமல் தடுப்பது எது? இந்த ஒரு கேள்வியை வத்திராயிருப்பில் நின்றுகொண்டு பார்க்க முயல்கிறேன். ஆங்கிலம் கற்பிக்கும் முறை, பாடத்திட்டத்தின் தரம், வேலைவாய்ப்பு ஆகியவை வேறு விவாதங்கள்.

2. வழக்கமான இரண்டு விளக்கங்கள்

இதற்குப் பொதுவாக இரண்டு பதில்கள் சொல்லப்படுகின்றன. சிற்றூர்களில் புத்தகம் இல்லை, நல்ல நூலகமெல்லாம் சென்னையிலும் மதுரையிலும்தான் என்பது பழைய பதில். இப்போது எல்லாமே செல்போனில் கிடைக்கிறது, படிக்கத்தான் ஆளில்லை என்பது புதிய பதில். முதலாவது அரசையும் நிர்வாகத்தையும் குறைசொல்கிறது. இரண்டாவது மாணவரைக் குறைசொல்கிறது. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே நூல் இருப்பதையும் நூல் கிடைப்பதையும் ஒன்றாகக் கருதிவிடுகின்றன. என் வாதம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. இருப்பதற்கும் கிடைப்பதற்கும் நடுவே நூற்பட்டியல், சந்தா, உறுப்பினர் உரிமை, காப்புரிமைச் சட்டம், வழிகாட்டும் ஓர் ஆள் என ஐந்தாறு கண்ணிகள் இருக்கின்றன. வத்திராயிருப்பு மாணவருக்கு அறுந்து கிடப்பவை பெரும்பாலும் இந்த நடுக் கண்ணிகளே.

இந்த அறுபடல் இப்பாடத்தின் பிறப்போடு சேர்ந்தே வந்தது. ஆங்கில இலக்கியம் இங்கிலாந்தின் பல்கலைக்கழகங்களில் தனிப் பாடமாக நிலைபெறுவதற்கு முன்பே இந்தியாவில் பாடமாக்கப்பட்டுவிட்டது என்பதை கௌரி விஸ்வநாதன் 1989இல் வெளியிட்ட ஆய்வு விரிவாகக் காட்டியது. ஆட்சியின் தேவைக்காகப் புகுத்தப்பட்ட பாடம் அது. பாடநூல் வந்தது, தேர்வு வந்தது, பட்டம் வந்தது. அந்தப் பாடநூலைச் சுற்றி விவாதிக்கத் தேவையான நூலகம் மட்டும் அதே வேகத்தில் வரவில்லை. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. அதன் முதல் நூலகராகச் சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் பொறுப்பேற்றது 1924இல். இடைப்பட்ட 67 ஆண்டுகளில் எத்தனையோ பேர் ஷேக்ஸ்பியரை மனப்பாடம் செய்து பட்டம் பெற்றுப் போய்விட்டார்கள்.

3. கைக்கெட்டும் தூரத்தில்

புத்தகமே இல்லை என்ற பதிலை முதலில் சோதித்துப் பார்க்கலாம். வத்திராயிருப்பிலிருந்து ஒரு பேருந்து தூரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பென்னிங்டன் நூலகம் இருக்கிறது. தொடங்கிய ஆண்டு 1875. சென்னை கன்னிமாரா நூலகம் திறக்கப்பட்ட 1896ஆம் ஆண்டுக்கு 21 ஆண்டு முந்தியது. அப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அந்த மாவட்ட ஆட்சியராக இருந்த பென்னிங்டனின் பெயரே நூலகத்துக்கு நிலைத்துவிட்டது. தமிழ்நாட்டின் மிகப் பழைய பொது நூலகங்களில் ஒன்று இன்றும் இயங்கிக்கொண்டிருக்கும் வட்டாரத்தைப் புத்தகமில்லாத வட்டாரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து அரசின் கிளை நூலகங்கள். 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் விடுதலை பெற்ற இந்தியாவில் இவ்வகையில் முதலாவது. ரங்கநாதன் பல ஆண்டுகள் எழுதியும் பேசியும் வரைவுகள் தயாரித்தும் போராடியதன் விளைவு. சொத்துவரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி சேர்த்து வாங்கப்படுவது அச்சட்டத்தின் வழியில்தான். தென்னந்தோப்புக்காரரும் தீப்பெட்டித் தொழிலாளியும் வீட்டுவரி கட்டும்போதே நூலகத்துக்கும் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். ஆனால் கிளை நூலகம் பொதுவாசகருக்கானது. அங்கே நாவல், வரலாறு, குழந்தை நூல், போட்டித்தேர்வு நூல் ஆகியவற்றை எதிர்பார்க்கலாம். மில்டன் பற்றிய விமர்சனத் தொகுப்பை அங்கே எதிர்பார்ப்பது நியாயமல்ல. அது அதன் வேலையுமல்ல.

அந்த வேலை கல்லூரி நூலகத்துடையது. இம்மாவட்டத்தின் கல்லூரிகள் பல அரை நூற்றாண்டைக் கடந்தவை. விருதுநகர் செந்திக்குமார நாடார் கல்லூரி 1947இலும், வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரி 1962இலும், சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963இலும், ராஜபாளையம் ராஜுக்கள் கல்லூரி 1973இலும் தொடங்கின. இந்த வயதுள்ள நூலகங்களில் பழைய ஆங்கிலச் சேகரிப்பு இருக்கும். பிரிட்டிஷ் அரசின் மானியத்தில் மலிவு விலையில் வந்த ஈ.எல்.பி.எஸ். பதிப்புகள் 1960களிலிருந்து தமிழ்நாட்டுக் கல்லூரி அலமாரிகளை நிரப்பின. 1990களில் அத்திட்டம் நின்றுபோனது. அதற்குப்பின் வந்த விமர்சன நூல்களின் விலை டாலரிலும் பவுண்டிலும் ஏறியது. ஆகவே இங்கே நூலடுக்கின் வயதை நூல்களே காட்டிக்கொடுக்கும்: ஒரு காலகட்டம் வரை செறிவாகவும் அதன்பின் மெலிந்தும் இருக்கும்.

எந்தக் கல்லூரி என்பது முக்கியமல்ல; ஆங்கிலத் துறைக்கான அடுக்கில் 822.33 என்ற எண்ணுக்கு நேரே நிற்கும் கெட்டி அட்டைப் புத்தகங்களில் ஒன்றை எடுத்துப் பின்பக்கத்தைத் திறந்து பாருங்கள். அந்த எண் டூயி பகுப்பில் ஷேக்ஸ்பியருக்கு உரியது. ஒட்டியிருக்கும் தேதித் தாளில் ஊதா முத்திரைகள் மேலே நெருக்கமாக இருக்கும். போகப்போக இடைவெளி கூடும். பிறகு பாதித் தாள் வெறுமையாகக் கிடக்கும். புத்தகம் அங்கேயே இருக்கிறது, கேட்பவர்தான் குறைந்துவிட்டார். இதைப் பார்த்து மாணவர்களின் ஆர்வம் செத்துவிட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன், அவர்களுக்கு அந்தப் புத்தகம் எதற்கென்று யாராவது சொன்னார்களா என்று கேட்கவேண்டும்.

4. ஒரு தேடலின் பாதை

எல்லாம் செல்போனில் இருக்கிறது என்ற பதிலைச் சோதிக்க ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் பின்தொடர்வது நல்லது. ஜோசப் கான்ராடின் ‘ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்’ குறுநாவலை எடுத்துக்கொள்கிறேன். 1899இல் ஒரு பத்திரிகையில் தொடராக வந்து 1902இல் நூலாகியது. இந்திய ஆங்கிலத் துறைகளில் நெடுநாளாகப் பாடம். அதில் ஆப்பிரிக்கர்கள் எப்படிச் சித்திரிக்கப்பட்டுள்ளனர் என்று ஒரு மாணவி ஒப்படைப்புக் கட்டுரை எழுதவேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

மூலநூல் உடனே கிடைத்துவிடும். கான்ராட் 1924இல் இறந்தவர். ப்ராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் முழுநூலும் இலவசம். 1971இல் மைக்கேல் ஹார்ட் தொடங்கிய அந்த முயற்சிக்கு உலகத்தின் ஏழை மாணவர்கள் எல்லாரும் கடன்பட்டிருக்கிறோம். தேடுபொறியில் தலைப்பை அடித்தால் அடுத்து வருவன கதைச்சுருக்கங்கள், பாத்திர விளக்கங்கள், பத்து மதிப்பெண் விடைகள், யூடியூப் காணொளிகள். பெரும்பாலான தேடல்கள் இந்த இடத்தில் முடிந்துவிடுகின்றன. இவற்றைப் படிப்பதில் தவறில்லை. ஆனால் இவை எதுவும் இன்னொருவரோடு வாதிடுவதில்லை. இலக்கியக் கல்வியோ வாதத்தால் ஆனது.

இக்கேள்வியின் மையத்தில் நிற்கும் வாதம் நைஜீரிய நாவலாசிரியர் சினுவா அச்சேபேயுடையது. 1975இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய உரை, கான்ராடை இனவெறியர் என்று நேரடியாகக் குற்றஞ்சாட்டியது. 1977இல் ‘மாசசூசெட்ஸ் ரெவ்யூ’ இதழில் அது அச்சேறியது. பின்னர் அதைத் தம் நூலில் சேர்த்தபோது குற்றச்சாட்டை அப்படியே வைத்துக்கொண்டு ஒரு கடுஞ்சொல்லை மட்டும் மாற்றினார். எந்த வடிவத்தைப் படித்தோம் என்று குறிப்பிடாமல் அச்சேபேயை மேற்கோள் காட்டும் கட்டுரைகள் தடுமாறும் இடம் இது. இதழிலுள்ள வடிவம் ஜேஸ்டோர் தரவகத்தில் இருக்கிறது. கல்லூரிக்குச் சந்தா இல்லாவிட்டாலும், தனியாள் தம் மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிவுசெய்துகொண்டால் மாதம் நூறு கட்டுரைகள் வரை திரையிலேயே இலவசமாகப் படிக்க ஜேஸ்டோர் வழிவைத்திருக்கிறது. வத்திராயிருப்பில் சிக்னல் கிடைக்கும் எந்தத் திண்ணையிலும் உட்கார்ந்து இதைச் செய்யலாம்.

அச்சேபேயோடு நின்றுவிடக்கூடாது. அவருக்கு மறுமொழி எழுதியவர்களில் சி.பி. சர்வன் ஒருவர். முழுப்பெயர் சார்ல்ஸ் பொன்னுத்துரை சர்வன். ஆப்பிரிக்கக் கல்லூரிகளில் கற்பித்த இலங்கைத் தமிழர். 1980இல் ‘இன்டர்நேஷனல் ஃபிக்ஷன் ரெவ்யூ’ இதழில் வந்த அவருடைய ஐந்து பக்கக் கட்டுரை, நார்ட்டன் நிறுவனத்தின் விமர்சனப் பதிப்பில் சேர்க்கப்பட்டு உலகெங்கும் படிக்கப்பட்டது. கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழகம் வெளியிட்டுவந்த அந்த இதழ் இணையத்தில் தடையின்றித் திறந்திருக்கிறது. கான்ராட் பற்றிய உலக விவாதத்தில் ஒரு தமிழர் குரல் இருக்கிறது, அது இலவசமாகவே கிடைக்கிறது என்பது எத்தனை ஆங்கிலத்துறை வகுப்புகளில் சொல்லப்படுகிறது?

இந்தப் பாதையில் மாணவிக்குப் பணம் தேவைப்படவில்லை, பயணமும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டவை இரண்டு பெயர்களும் இரண்டு இதழ்த் தலைப்புகளும். அவற்றை முன்கூட்டியே அறிந்தவருக்கு எல்லாம் செல்போனில் இருக்கிறது. அறியாதவருக்கு அதே செல்போனில் கதைச்சுருக்கம் மட்டும் இருக்கிறது. அந்தப் பெயர்களை எடுத்துக்கொடுப்பதற்கென்றே உலகம் சில கருவிகளை உண்டாக்கியிருக்கிறது: விமர்சனப் பதிப்புகளின் பின்னிணைப்பு, நூல்விவரத் தொகுப்புகள், 1920களிலிருந்து வெளிவரும் அமெரிக்க நவீன மொழிச் சங்கத்தின் ஆண்டுப் பட்டியல். இளங்கலை மூன்றாண்டுகளில் இவற்றின் பெயரைக்கூடக் கேட்காமல் வெளியேறுவது இங்கே இயல்பாகிவிட்டது. என் கவலை இதுதான்.

5. அறுபதாண்டுப் பூட்டு

இலவசமாகக் கிடைப்பதற்கும் ஒரு சாய்வு உண்டு. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டுவரை காப்புரிமை நீடிக்கும். டி.எஸ். எலியட் 1965 ஜனவரியில் இறந்தார். அவருடைய எழுத்து இங்கே பொதுவுடைமையாவது 2026இல். ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்கள் பற்றி ஏ.சி. பிராட்லி 1904இல் வெளியிட்ட நூலை யாரும் இறக்கிக்கொள்ளலாம். அதன்பின் வந்த பெண்ணிய, பின்காலனிய, புதிய வரலாற்றிய வாசிப்புகள் பூட்டுக்குள் இருக்கின்றன. இதன் விளைவு நம் ஒப்படைப்புகளில் நேரடியாகத் தெரிகிறது: மூலநூல் பழையது, மேற்கோளும் பழையது. தேர்வாளர் இதைப் பழமைப்பற்று என்று எண்ணக்கூடும். உண்மையில் அது சட்டத்தின் நிழல்.

இடையில் ஒரு வழி திறந்திருந்தது. இன்டர்நெட் ஆர்க்கைவ் தளம், தன்னிடமுள்ள அச்சு நூலை ஸ்கேன் செய்து, நூலகம்போல ஒரு நேரத்தில் ஒருவருக்கு இரவல் கொடுத்துவந்தது. பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில் 2024 செப்டம்பரில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் இரவல் பட்டியலிலிருந்து போய்விட்டன. பதிப்பகங்களின் தரப்பிலும் நியாயம் உண்டு, எழுத்தாளருக்கும் பிழைப்பு வேண்டும். ஆனால் அந்நூல்களை ஒருபோதும் விலைகொடுத்து வாங்கியிருக்க முடியாத இடங்களில் அந்த இழப்பு வேறுவகையில் உறைக்கிறது.

இந்திய நீதிமன்றம் இதில் மாணவர் பக்கம் நின்ற சந்தர்ப்பம் ஒன்று உண்டு. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடைமீது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் ஆகிய பதிப்பகங்கள் 2012இல் வழக்குத் தொடுத்தன. பாடத்துக்கு வேண்டிய பகுதிகளைப் பல நூல்களிலிருந்து நகலெடுத்துத் தொகுத்துக் கொடுப்பது காப்புரிமை மீறலாகாது என்று 2016 செப்டம்பரில் நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா தீர்ப்பளித்தார். அதே ஆண்டு டிசம்பரில் இரு நீதிபதி அமர்வு, கற்பிப்பதற்குத் தேவையான அளவு நகலெடுக்கலாம் என்ற கொள்கையை ஏற்றது. 2017இல் பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட்டன. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் ஜெராக்ஸ் கடைக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே நகலாகிக்கொண்டிருப்பவை பெரும்பாலும் சீனியர் மாணவர்களின் கையெழுத்துக் குறிப்புகளும் பஜார் நோட்ஸுமே. தேர்ந்தெடுத்த ஆறு கட்டுரைகளைத் தொகுத்து ஒரு பாடத்துக்குக் கொடுக்கும் துணிச்சலை அந்தத் தீர்ப்பு ஆசிரியர்களுக்குத் தந்திருக்கிறது. அதைப் பயன்படுத்துவோர் போதவில்லை.

6. சந்தாவும் உறுப்பினரும்

கல்லூரிகளுக்கென்று அரசு அமைத்த வழிகளும் உள்ளன. காந்திநகரிலிருந்து இயங்கும் இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தும் என்-லிஸ்ட் திட்டத்தில், அரசு உதவிபெறும் கல்லூரி சில ஆயிரம் ரூபாய் ஆண்டுக் கட்டணத்தில் ஆயிரக்கணக்கான மின்னிதழ்களையும் லட்சக்கணக்கான மின்னூல்களையும் பெறலாம். உறுப்பினராகச் சேர்ந்த கல்லூரியின் மாணவர் ஒவ்வொருவரும் தனிப் பயனர்பெயர் கேட்டுப் பெற உரிமை உடையவர். வீட்டிலிருந்தே திறக்கலாம். இந்த உரிமை தமக்கு இருப்பதை அறியாமலே படிப்பை முடிப்பவர்கள் ஏராளம்.

ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் இன்னும் பெரியது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். 2025இல் நடைமுறைக்கு வந்தது. அறிவிப்பில் இடம்பெற்றவை மத்திய, மாநில அரசுகளின் நிர்வாகத்திலுள்ள உயர்கல்வி நிறுவனங்களும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுமாக 6,300க்கும் மேற்பட்டவை. விருதுநகர் மாவட்டத்தின் மூத்த கலைக்கல்லூரிகளோ ஊர்ப் பெரியவர்களும் சமூக அமைப்புகளும் கட்டி எழுப்பி, அரசு உதவிபெற்று நடப்பவை. சுயநிதிக் கல்லூரிகளும் பல. அரசே நடத்தும் கல்லூரியில் இடம் கிடைத்தவருக்கும் உதவிபெறும் கல்லூரியில் இடம் கிடைத்தவருக்கும் நடுவே, படிக்கக் கிடைக்கும் இதழ்களில் இப்படியொரு வேறுபாடு உண்டாவதை ஏற்க முடியாது. இருவரும் ஒரே பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்குத்தான் தேர்வு எழுதுகிறார்கள்.

7. மதுரைக்குப் போனால்

கிருஷ்ணன்கோவில், டி. கல்லுப்பட்டி, திருமங்கலம் வழியாக மதுரைக்குப் போய்வர ஒரு நாள் முழுதும் போய்விடும். அந்த ஒரு நாளைச் செலவிடத் தகுதியான இடங்கள் அங்கே உண்டு. பல்கலை நகரில் காமராசர் பல்கலைக்கழக நூலகம், அதன் முதல் துணைவேந்தர் தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் பெயரைத் தாங்கியது. 2023 ஜூலை 15 அன்று புது நத்தம் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குள் யாரும் நுழைந்து உட்கார்ந்து படிக்கலாம். கல்லூரி அடையாள அட்டை கேட்கும் வாயிற்காவல் அங்கில்லை. தென்மாவட்ட மாணவருக்கு இது சிறிய விஷயமல்ல.

ஆனால் ஆங்கில இலக்கிய மாணவருக்கு மதுரையில் தனிச்சிறப்பான இடம் அமெரிக்கன் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. ஆங்கிலத்திலும் மொழிபெயர்ப்பிலும் உள்ள இந்திய இலக்கியத்துக்கான ஆய்வு மையம் அது. சைலெட் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அக்கல்லூரியில் நெடுங்காலம் கற்பித்த பால் லவ் முன்னின்று 1980களில் உருவாக்கியது. கவிதைக்கும் கவிதை விமர்சனத்துக்குமாக ‘காவ்ய பாரதி’ என்ற ஆங்கில இதழை 1988இலிருந்து அது வெளியிட்டுவந்தது. நிசிம் எசக்கியல், ஏ.கே. ராமானுஜன், கமலா தாஸ் ஆகியோர் பாடத்திட்டத்தில் இருந்தும் அவர்களைப் பற்றிய நூல்களும் சிற்றிதழ்களும் எங்கும் சேர்த்து வைக்கப்படாத காலத்தில் அந்த வேலையை மதுரையில் சிலர் பொறுமையாகச் செய்தார்கள்.

இதன் முக்கியத்துவம் அளவில் இல்லை. பெரிய நூலகம் எல்லாத் துறைக்கும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கும். சைலெட் ஒரு துறையை மட்டும் எடுத்துக்கொண்டு ஆழமாகச் சேர்த்தது. 1964இல் ஹைதராபாத்தில் தொடங்கிய அமெரிக்க இயல் ஆய்வு மையமும் இத்தகையதே. மெல்வில், ஃபாக்னர் பற்றி ஆய்வு செய்த தமிழ்நாட்டு ஆசிரியர்கள் பலர் அங்கே சென்று வாரக்கணக்கில் தங்கிப் படித்தவர்கள். வெளிநாட்டு நிதி நின்றதும் அது நலிந்தது. ஒரு துறைக்கென்று அமைந்த நூலகம் ஒருவரின் உழைப்பையோ ஒரு நிதியையோ மட்டும் நம்பியிருந்தால் என்னவாகும் என்பதற்கு அது சான்று. சைலெட்டைத் தென்மாவட்டக் கல்லூரிகள் எல்லாம் சேர்ந்து தாங்கவேண்டிய பொதுச்சொத்தாக நான் கருதுகிறேன். முதுகலை மாணவர்களைக் கொடைக்கானலுக்கு அழைத்துப் போகும் துறைகள், ஆண்டுக்கு ஒரு நாள் இங்கும் அழைத்துவரலாம்.

8. ஆய்வேடுகளைப் படிக்கும் விதம்

2009ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக்குழு விதிகளுக்குப்பின் முனைவர்பட்ட ஆய்வேடுகள் சோத்கங்கா தரவகத்தில் திறந்த அணுக்கத்தில் சேர்கின்றன. காமராசர் பல்கலைக்கழகத்தின் ஆங்கில ஆய்வேடுகளும் அங்கே உண்டு. இதை வெட்டி ஒட்டுவதற்கான சுரங்கமாக்கிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு சரியானதே. ஆனால் ஓர் ஆய்வேட்டின் மதிப்புமிக்க பகுதி அதன் கடைசியில் இருக்கிறது. நூற்பட்டியலை மட்டும் எடுத்து, ஒரே ஆசிரியரைப் பற்றிய மூன்று ஆய்வேடுகளின் பட்டியல்களை அருகருகே வைத்துப் பார்த்தால், மூன்றிலும் வரும் பெயர்கள் எவை என்பது தெரிந்துவிடும். அவையே அந்தத் துறையின் தவிர்க்கமுடியாத கட்டுரைகள். அல்லது ஒருவரைப் பார்த்து இன்னொருவர் எழுதிக்கொண்ட பெயர்கள். எது எதுவென்று அறியக் கட்டுரையையே தேடிப் படித்தாகவேண்டும். அந்தத் தேடலே ஆய்வுப் பயிற்சி.

9. தமிழ் வாசகர் என்ற பலம்

இதுவரை சொன்ன எல்லாவற்றிலும் வத்திராயிருப்பு மாணவர் குறையுள்ளவராகவே தோன்றக்கூடும். அவரிடம் லண்டன் மாணவரிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: தமிழில் படிக்கும் திறன். விபுலானந்த அடிகள் ஷேக்ஸ்பியரின் பன்னிரண்டு நாடகங்களை எடுத்துக்கொண்டு, தமிழ், வடமொழி நாடக இலக்கணங்களோடு சேர்த்து ஆராய்ந்த ‘மதங்க சூளாமணி’ 1926இல் மதுரைத் தமிழ்ச் சங்க வெளியீடாக வந்தது. அடிகள் 1947இல் மறைந்தார். நூல் காப்புரிமைக்கு அப்பாற்பட்டது. சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ ஆங்கிலத் திறனாய்வு முறைகளைத் தமிழ்க் கவிதையில் வைத்துச் சோதித்த களம். ஷேக்ஸ்பியரைப் பற்றிய ஆங்கிலத்துறைக் கட்டுரை ஒன்றில் விபுலானந்தரின் பெயர் வருவது அரிது. தமிழ் நூல் தமிழ்த்துறை அலமாரியில் இருக்கிறது, ஆங்கிலத்துறை மாணவர் அந்தப் பக்கம் போவதில்லை. பிராட்லியின் பழைய வாதத்தை ஆயிரத்தோராவது முறை திருப்பிச் சொல்வதைவிட, மதுரையில் அச்சான இந்நூல் ஷேக்ஸ்பியரை எப்படிப் பார்த்தது என்று எழுதினால் உலகம் அதைப் புதிதாகக் கேட்கும்.

10. நூலகரும் வினாத்தாளும்

ரங்கநாதன் வகுத்த கோலன் பகுப்பில் ஷேக்ஸ்பியரின் எண் நான்கு அடுக்குகளால் ஆனது: இலக்கியம், ஆங்கிலம், நாடகம், 1564 என்ற பிறந்த ஆண்டு. அவர்மீதான விமர்சனம் அதே எண்ணின் நீட்சியாக, அவருடைய நூலுக்கு அடுத்தே வந்து நிற்கும். மூலநூலைத் தேடி வந்தவரின் கை தானாகவே விமர்சனத்தில் படவேண்டும் என்பது அந்த ஏற்பாடு. அவர் அதோடு நிற்கவில்லை. வாசகரின் கேள்வியை வாங்கி, அவரை உரிய நூலிடம் கொண்டுசேர்க்கும் பணியாளர் இல்லாமல் எந்தப் பகுப்பும் பயன்தராது என்று வலியுறுத்தினார். சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் அந்தச் சேவையை நடத்தியும் காட்டினார். நூற்றாண்டு கழித்து, நூலகர் பணியிடமே நிரப்பப்படாத கல்லூரிகள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. நிரப்பப்பட்ட இடங்களிலும் நூல் கொடுப்பது, வாங்குவது, நாக் தரமதிப்பீட்டுக் குழுவின் வருகைக்குக் கோப்பு தயாரிப்பது என்று நாள் கழிந்துவிடுகிறது.

என் வாதத்துக்கு எதிராக நியாயமான ஒரு கேள்வி எழலாம். வினாத்தாளுக்குப் பஜார் நோட்ஸ் போதுமென்றால், மாணவர் எதற்காக அச்சேபேயையும் சர்வனையும் தேடவேண்டும்? இதை நான் முழுவதும் ஏற்கிறேன். தேவை எழாத இடத்தில் வளம் பயன்படாது. தேதித் தாளின் வெறுமைக்கு நூலகத்தைவிட வினாத்தாளே பெரிய காரணமாக இருக்கலாம். அப்படியானால் மாற்றவேண்டிய இடமும் தெளிவாகிறது. பல்கலைக்கழகத் தேர்வை ஒரு துறை தனியே மாற்றிவிட முடியாது. ஆனால் அகமதிப்பீட்டு மதிப்பெண் துறை ஆசிரியர்களின் கையில் இருக்கிறது. அதில் ஒரு பங்கை ஒரே ஒரு பணிக்கு ஒதுக்கலாம்: பாடத்திலுள்ள ஏதேனும் ஒரு நூலைப் பற்றி ஐந்து விமர்சனக் கட்டுரைகளைக் கண்டுபிடித்து, எங்கே எப்படிக் கிடைத்தது என்ற விவரத்தோடு, ஒவ்வொன்றும் என்ன வாதிடுகிறது என்று நான்கு வரி எழுதுதல். ஐந்தில் ஒன்று அச்சிலும், ஒன்று தமிழிலும் இருக்கவேண்டும். அதற்கு முந்திய வாரம் நூலகர் அந்த வகுப்புக்கு வந்து, என்-லிஸ்ட் பயனர்பெயர் பெறுவதிலிருந்து ஜேஸ்டோரில் பதிவதுவரை எல்லாவற்றையும் மாணவர்களின் செல்போனிலேயே செய்துகாட்டவேண்டும். வரும் பட்டியல்களைத் துறை தூக்கி எறியாமல் சேர்த்துவைத்தால், மூன்று ஆண்டில் அந்தக் கல்லூரிக்கென்று ஒரு நூல்விவரத் தொகுப்பு உருவாகிவிடும். அடுத்த ஊர்க் கல்லூரியோடு அதைப் பகிர்ந்துகொள்வதற்கு யாருடைய ஆணையும் தேவையில்லை.